ஓட்டுநர் உட்பட 1,500 கிலோ

ஜனவரி 4, திங்கள்

காலை பதினோரு மணிக்கு எங்கள் புதிய கார் சிட்டு முதல்முறையாக, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எடைத் தட்டுகளில் ஏறியது. 1,518 கிலோ.

எருமைக்குச் சிட்டு என்று பெயர் வைத்த கம்பெனி கோயம்புத்தூரிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எங்களுடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெறும் பெட்ரோல். ஓட்டுபவரோடு சேர்த்து 1,290 கிலோ. இனி வரும் கார்களில் பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் இருந்தாக வேண்டும் என்கிறார்கள். பேட்டரி 118 கிலோ, மோட்டார் 46. அதோடு நின்றால் பரவாயில்லை. எடை கூடியதால் பிரேக் பெரிதாக வேண்டும், பிரேக் பெரிதானதால் சக்கரம் பெரிதாக வேண்டும், சக்கரத்தைத் தாங்க அடியில் இரும்பு தடிமனாக வேண்டும். எடை குட்டி போட்டுக்கொண்டே போகிறது. குட்டிகளை எண்ணுவது என் வேலை.

எண்ணுவதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். 312 வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாகம், அதன் எடை, அதற்குப் பொறுப்பானவர் பெயர். கடைசி வரி ஓட்டுநர், 75 கிலோ, பொறுப்பு சென்னியப்பன். அவர் எங்கள் டெஸ்ட் டிரைவர். என் வீட்டுக்காரரும் அவர்தான். எல்லாக் கம்பெனியும் ஓட்டுநருக்கு 75 என்றுதான் போடும். இவர் போன வருட மெடிக்கலில் 81. என் பட்டியலின் கூட்டுத்தொகை 1,512, இவருடைய தொப்பை ஆறு, ஆக 1,518. ஒரு கிலோகூட இடிக்கவில்லை. தட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் துரைராசு அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச் 24-க்குள் ஓட்டுநர் உட்பட 1,500-க்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் சிட்டுவை மூட்டை கட்டிவிடச் சொல்லிவிட்டார் முதலாளி. பதினோரு வருடமாக நச்சரித்து நான் அனுமதி வாங்கிய கார் இது. விட மாட்டேன்.

சாயங்காலம் அரிசிம்பருப்பு சாதம். சென்னி மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

ஜனவரி 7, வியாழன்

முதலாளிக்குப் பட்டியலைப் பெரிய திரையில் காட்டும் நாள். நான்கு நாட்களாக ஒவ்வொரு துறையாகப் போய்க் கெஞ்சினேன். பேட்டரிக்காரி ஃபர்சானா, "அக்கா, இதுக்கு மேல கொறைச்சா வண்டி ஓடாது, நின்னு பாட்டுத்தான் பாடும்" என்றாள். மற்றவர்களும் அதே பாட்டு.

காலையில் தலைமை இன்ஜினியர் ஜெரால்டு சார் கூப்பிட்டார். "மொதல் பக்கத்துல ஆயிரத்தைந்நூறுன்னு தெரியணும் வைஜயந்தி. எப்படிக் கொண்டு வருவோம்கிறது அப்புறம்."

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கு இடித்தால் யாருக்கும் வலிக்காத வரியாகப் பார்த்து ஒரு தற்காலிக எண்ணைப் போட்டு ஒப்பேற்றுவோம். பிறகு நிஜமாகவே வேறு எங்காவது குறைத்துவிட்டுப் பழைய எண்ணைத் திருப்பி வைத்துவிடுவோம். யாருக்கும் வலிக்காத வரி எது என்று தேடினேன். ஓட்டுநர் வரியில் 75-ஐ 63 ஆக்கினேன். கூட்டுத்தொகை சரியாக 1,500.

குறைக்க வேண்டிய வரிகள் தானாகவே சிவப்பாகிவிடும். அதுவும் சிவப்பாயிற்று. அரங்கில் நாற்பது பேர், ஒருவரும் கேட்கவில்லை. பின்வரிசையில் சென்னி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி கை தட்டினார்.

ஜனவரி 11, திங்கள்

1,518. அசையவில்லை. சென்னி இன்று காலை ஓடப் போனார். யார் துரத்தினார்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

ஜனவரி 18, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் எடை. 1,516.

இரண்டு கிலோ எங்கே போயிற்று? காரை யாரும் தொடவேயில்லை. பெட்ரோல் டேங்க் முழுக்க இருந்தது. துரைராசு அண்ணன், "நல்லதுதானுங்க மேடம், போனது போகட்டும்" என்றார். எனக்கு அப்படி விட முடியாது. கணக்கில் வராமல் குறைவதும் எனக்குத் திருட்டு மாதிரிதான்.

இருந்தாலும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். மீந்த சர்க்கரைப் பொங்கலைச் சூடாக்கிக் கொடுத்தேன். சென்னி ஒரு ஸ்பூன் எடுத்தார், வாயில் வைத்தபடி, "எவ்வளவு காட்டுச்சு?" என்றார். சொன்னேன். "ரெண்டா!" என்று ரொம்ப மகிழ்ந்தார். நம் வேலையில் இப்படி அக்கறை காட்டும் புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்.

ஜனவரி 25, திங்கள்

1,514.

ஃபர்சானா இந்த வாரம் பேட்டரியைக் குளிர்விக்கும் குழாயில் இரண்டு கிலோ கூட்டினாள். நான் பின்கண்ணாடியை மாற்றி இரண்டு குறைத்தேன். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஆனால் தட்டு இன்னும் இரண்டு குறைவாகக் காட்டுகிறது. பேட்டரியைக் கழற்றித் தனியாக எடை போட்டோம். 118, அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 1, திங்கள்

1,512. தட்டுகளில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, இருபது கிலோ எடைக்கல்லை ஒவ்வொரு தட்டிலும் ஏற்றிப் பார்த்தோம். நான்கும் இருபது என்றன. மறுபடி ஏற்றச் சொன்னேன். மூன்றாம் தடவை துரைராசு அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏற்றினார். இருபது.

தரை ஈரமா? காற்றா? டயரில் காற்று குறைந்தால் எடை குறையுமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்துவிட்டேன். படித்த படிப்பெல்லாம் வீண்.

ஜெரால்டு சாருக்குத் தலைகால் புரியவில்லை. "எறங்குதில்ல? எறங்கட்டும், நோண்டாதீங்க."

பிப்ரவரி 9, செவ்வாய்

நேற்று 1,510.

நேற்றே ஃபர்சானாவுக்கு நோன்பு தொடங்கிவிட்டது. அவளுக்குத் துணையாகத் தானும் மதியம் சாப்பிடப்போவதில்லை என்று சென்னி அறிவித்தார். "அந்தப் புள்ள தண்ணிகூடக் குடிக்காம லேப்டாப்பத் தூக்கிட்டு டிராக்குல நிக்குது. அது முன்னால உக்காந்து நான் சோத்தப் பெசையறதா அம்மிணி?" என்றார். நல்ல மனசு. ஆனால் நோன்பு திறக்கும் நேரத்தில் இவர் எதையும் திறப்பதாகத் தெரியவில்லை. "டிராக்குலயே சாப்புட்டுட்டேன்" என்கிறார்.

டிராக் வாசலில் கிடக்கும் நாய் மட்டும் நன்றாகக் கொழுத்திருக்கிறது. போன மாதம் எலும்பு தெரிந்தது.

பிப்ரவரி 14, ஞாயிறு

துணி துவைத்தேன். அவருடைய நான்கு பேன்ட்டை இடுப்பைப் பிடிக்கச் சொல்லித் தையற்கடையில் கொடுத்தேன். "இவ்வளவு புடிக்கறதுக்குப் புதுசே எடுத்துக்கலாம்ங்க அக்கா" என்றார் தையல்காரர். இந்தக் காலத்துத் துணி துவைக்கத் துவைக்க விரிந்துவிடுகிறது.

கல்யாண மோதிரத்தை நடுவிரலுக்கு மாற்றியிருக்கிறார். ஸ்டியரிங்கில் உரசுகிறதாம்.

பிப்ரவரி 22, திங்கள்

1,506.

போன வாரம் 1,508, இந்த வாரம் இது. ஒவ்வொரு வாரமும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு கிலோ. தேய்மானம் என்றால் இப்படிச் சீராகத் தேயாது. போல்ட்டுகளை எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. இருக்கையைக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் பைத்தியக்காரி மாதிரி இருக்கிறது.

துரைராசு அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. சென்னி சார் கதவத் தெறந்து உள்ள ஏறறப்போ பாத்திருக்கீங்களா?"

"கதவெல்லாம் சரிபார்த்தாச்சுங்கண்ணா. பதினாலரை, பதினாலரை" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு மீட்டிங் இருந்தது.

காரணம் தெரியாமலேயே சந்தோஷமாக இருப்பது எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் பாடிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே சென்னி, "கொறைஞ்சிருக்கா?" என்றார். குறைந்திருக்கிறது என்றதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்றார். உள்ளே காற்றாடியைப் போட்டேன்.

மார்ச் 1, திங்கள்

1,504. இன்னும் நான்குதான்.

மார்ச் 4, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

மூன்று மணிக்கு டிராக்கின் நேர்ச்சாலையில் 210 கிலோமீட்டர் வேகத்தில் வந்த சிட்டு, மூன்றாம் வளைவில் திரும்பாமல் நேரே போய் ஜல்லியில் இறங்கி டயர் அடுக்கில் முட்டி நின்றது. நான் ஓடினேன். எனக்கு முன்னால் ஃபர்சானா ஓடினாள், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லாமல். சென்னிக்குப் பெரிய அடி இல்லை. மணிக்கட்டு பிசகியிருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

கார் பதிவு செய்து வைத்திருந்ததைத் திரையில் போட்டார்கள். வளைவுக்கு முன் இரண்டு நொடி பிரேக் பெடல் அழுத்தப்படவேயில்லை.

"மிதிச்சீங்களா சென்னி?" என்றார் ஜெரால்டு சார்.

"மிதிச்சேன்னுதான் நெனைக்கறேன் சார்."

இந்தக் காரில் பிரேக்கை மிதித்தால் முதலில் மோட்டார்தான் வேகத்தைக் குறைக்கும், பிறகு அது பொறுப்பை பிரேக்கிடம் ஒப்படைக்கும். ஒப்படைக்கும் புரோகிராம் ஃபர்சானாவுடையது; பெடல் மிதிபட்டதா என்று படிப்பதும் அதுதான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சென்னி பொய் சொல்ல மாட்டார். திரையில் இருக்கும் கோடும் பொய் சொல்லாது. இரண்டில் எதை நம்புவது?

மார்ச் 6, சனி

ஃபர்சானா மூன்று நாளாகப் புரோகிராமை வரிவரியாகப் படிக்கிறாள். ஒரு தப்பும் இல்லை. தப்பு இல்லாததுதான் அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தின்ன மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, என்னால ஒரு மனுஷன் செத்துருப்பாரு" என்றாள். அவளை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடப் பேச்சு நடக்கிறது.

சென்னி வீட்டில் படுத்திருக்கிறார். இதைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 8, திங்கள்

எடை நாள். முன்பக்கத்தைச் சரிசெய்து சிட்டுவைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஓட்டுநர்தான் இல்லை. ஆள் உட்காராமல் எடை பார்ப்பது எங்கள் பட்டறையில் வழக்கமேயில்லை. ஓட்டுபவரின் பாரம் வலப்பக்கம் சாயும், அதோடு சேர்த்துத்தான் நான்கு சக்கரமும் சமமாக இருக்க வேண்டும். ஆளில்லாத நாளில் மணல் மூட்டையை இருக்கையில் வைப்போம்.

துரைராசு அண்ணன் மூட்டையைத் தூக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு ஒருவாட்டி சும்மா பாருங்க மேடம்."

பார்த்தேன். 1,437.

என் பட்டியலில் ஓட்டுநரை நீக்கினால் 1,437. ஜனவரி நான்காம் தேதியும் அது 1,437-தான். காரிலிருந்து ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

போன திங்கட்கிழமை எடையிலிருந்து இதைக் கழித்தேன். தப்பாகக் கழித்துவிட்டேன் என்று மறுபடி கழித்தேன். துரைராசு அண்ணன் தள்ளிப் போய்விட்டார். துணி விரியவில்லை. அவ்வளவுதான் இன்று எழுத முடியும்.

மார்ச் 9, செவ்வாய்

நேற்று எழுதாததை எழுதிவிடுகிறேன். மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன். சென்னி கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனியனுக்குள் தோள் எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

"அன்னைக்கு வளைவுல என்னங்க மாமா ஆச்சு?"

"தெரியல அம்மிணி. நேரா வந்துட்டிருந்தேன். அப்புறம் டயர் அடுக்குல நின்னுட்டிருந்தேன். நடுவுல ஒண்ணும் இல்ல. மயக்கம்னு எனக்கே வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒறைச்சுது. அந்தப் புள்ள மேல போடணும்னு நெனைக்கல. இன்னும் நாலு கிலோ. முடிச்சுட்டு எல்லாத்தையும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"என்ன நாலு கிலோ?"

"அறுபத்தேழு வந்துட்டேன். அறுபத்துமூணுக்கு இன்னும் நாலு."

எனக்கு முதலில் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. எந்த அறுபத்துமூன்று என்று கேட்டேன்.

"நீதான போட்டுருந்தே. ஸ்கிரீன்ல, செவப்புல. ஓட்டுநர், அறுபத்துமூணு, பொறுப்பு சென்னியப்பன், மார்ச் இருபத்துநாலுன்னு. எல்லாருகிட்டயும் போயிக் கொறைங்க கொறைங்கன்னு கெஞ்சிட்டு இருந்தே. எனக்கு மட்டும் சலுகையான்னு நெனச்சேன். நேர்ல சொல்லக் கூச்சப்பட்டுட்டு எழுதிட்டியாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"என்னத்தக் கேக்கறது? ஒவ்வொரு திங்கக்கெழமையும் நீ சிரிச்சுட்டே வந்தே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சமையலறைக்குப் போய் நின்றுகொண்டு அழுதேன். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தத்தில் உப்பு இறங்கியிருக்கிறதாம். வண்டி ஓட்டவே கூடாது, மூன்று மாதம். டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்றார். நான் எடை இன்ஜினியர் என்று அவரிடம் சொல்லவில்லை.

இன்று ஜெரால்டு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் ஃபர்சானாவைக் கூப்பிட்டு அவள் முன்னாலேயே சொன்னேன். அவள் என்னை அடித்தாலும் தகும் என்று நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் என்கூட நோன்பு இருக்கறார்னு நெனச்சேன்க்கா, எங்க வீட்டுல எல்லாருகிட்டயும் பெருமையா சொல்லிருந்தேன்" என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மார்ச் 15, திங்கள்

இந்த வாரம் எடை பார்க்கவில்லை. கஞ்சி, மோர், வேகவைத்த உருளைக்கிழங்கு. பாதிதான் இறங்குகிறது. வயிறு சுருங்கிப்போயிருக்கிறது.

மார்ச் 19, வெள்ளி

ஜெரால்டு சார் ஒரு வழி சொன்னார். வேறு டிரைவரை உட்காரவைக்கலாம், சென்னையில் ஒல்லியாக ஒருவர் இருக்கிறாராம், 58 கிலோ. தட்டில் 1,495 வந்துவிடும், முதலாளி கை தட்டுவார், எல்லோரும் பிழைத்துக்கொள்வோம். "பொய் இல்லையே வைஜயந்தி, அவரும் ஓட்டுநர்தான்."

பொய் இல்லைதான். அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ஜனவரியில் நான் போட்டதும் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லையே.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். சிட்டு பிழைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

மார்ச் 24, புதன்

அதே அரங்கம், அதே திரை, அதே நாற்பது பேர். சென்னையிலிருந்து யாரும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் பக்கத்தில் 1,518 என்று போட்டேன். அரங்கில் ஒரே சலசலப்பு. ஓட்டுநர் வரியில் நான் செய்ததைச் சொன்னேன். ஒருவர் அதைத் தன் இலக்கு என்று எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்ததையும், மூன்றாம் வளைவில் மயங்கியதையும், ஃபர்சானாவின் புரோகிராமில் எந்தக் குற்றமும் இல்லை என்பதையும் சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் எழுபத்தஞ்சுதான போடுவாங்க? நீங்க எண்பத்தொண்ணு போட்டிருக்கீங்க."

"அவரு எடை அதுங்க சார்."

"இப்ப அவ்வளவு இல்லைன்னு நீங்கதான சொல்றீங்க?"

"ஆயிடுவாருங்க சார்" என்றேன்.

முதலாளி பேனாவை மூடி வைத்தார். பேட்டரியைச் சிறிதாக்கிப் புதிதாகத் தொடங்குவதா, சிட்டுவை மூடிவிடுவதா என்று வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொல்வார்களாம். பதினோரு வருடம். வலிக்கிறது. ஆனால் அந்த எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சென்னி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒவ்வொன்றாக, மருந்து சாப்பிடுவதுபோல் விழுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன போட்டே?" என்றார்.

"எண்பத்தொண்ணுன்னு போட்டுட்டேன்ங்க மாமா."

பிய்த்த தோசை கையிலேயே நின்றது. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தத் தேதிக்குள்ள?"

விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. முகத்தை உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கூடவே இருக்கிறேன்.

"தேதியெல்லாம் இல்லீங்க மாமா" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, அடுத்த வாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பிய்த்தார்.